லயமும் வேண்டாம், லயத்தைப் படம் பிடிக்கவும் கூடாது என்றால்?

கேள்வி கொழும்பில் இருக்கும் ஒரு தம்பியிடமிருந்து வந்தது. நண்பர்களோடு சேர்ந்து நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் சின்னப் படம் எடுத்திருக்கிறார். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை இடித்துத் தனிவீடு கட்டப்போகிற நேரத்தில் நடக்கும் கதை. எடுத்த தோட்டத்திலேயே போட்டுக் காட்டியபோது, அழவேண்டிய இடத்தில் சனம் சிரித்திருக்கிறது. சிலர் பாதியில் எழுந்து போய்விட்டார்களாம். அதே ஆட்களில் பலர் புது வீட்டுக்குப் போகவும் தயங்குகிறார்கள். "லயத்தில் இருக்கவும் பிடிக்கவில்லை, விட்டுப் போகவும் பிடிக்கவில்லை, அதைக் காட்டினாலும் பிடிக்கவில்லை. இவர்களுக்கு என்னதான் வேண்டும் அண்ணா?" என்று கேட்கிறார்.

கொஞ்சம் எரிச்சலோடு கேட்ட கேள்விதான், ஆனாலும் நியாயமான கேள்வி. நான் தலவாக்கலைப் பக்கத்து லயமொன்றின் தொங்கல் காம்பராவில், அதாவது வரிசையின் கடைசி அறையில், பிறந்தவன். இருபது வருடமாகத் தோட்டப் பாடசாலைகளில் படிப்பிக்கிறேன். எங்கள் தோட்டத்துக்கும் போன நாலு வருடத்துக்குள் புது வீடு வந்தது, கமராவும் வந்தது. அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். லயத்தின் மேல் எங்கள் ஆட்களுக்கு ஆசையும் இல்லை, ஏக்கமும் இல்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா, முன்னால் இஸ்தோப்பு என்று ஒரு திண்ணை, புகை போக வழியில்லாத அடுப்படி, அவ்வளவுதான். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயமென்றால் பின்பக்கம் ஜன்னலும் கிடையாது. தொங்கல் காம்பராவுக்கு மட்டும் ஒரு பக்கச் சுவர் வெளியே இருக்கும், அதில் ஓட்டை போட்டு ஜன்னல் வைக்கலாம். அந்த ஒரு ஜன்னலுக்காகவே தொங்கல் காம்பராவுக்கு அடிபிடி நடந்ததுண்டு. பழைய லயங்களில் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. அடுத்த காம்பராத் தாத்தா இருமினால் எங்கள் வீட்டுப் பிள்ளை எழும்பி அழும். புருசன் பெண்சாதி பேச்சுக்கு அங்கே எந்த ரகசியமும் இல்லை. இதைப் போய் "கூட்டு வாழ்க்கையின் அழகு" என்று எழுதுகிறவர்கள் ஒரு மாரிகாலம் அதில் இருந்து பார்த்துவிட்டு எழுதலாம்.

அப்படியென்றால் ஏன் தயக்கம்?

காம்பராவை அளந்தவர்கள் அதைச் சுற்றி இருப்பதை அளக்கவில்லை. லயத்துக்கு முன்னும் பின்னும் மரக்கறிப் பாத்தி இருக்கும்: லீக்ஸ், போஞ்சி, கிழங்கு. கொஞ்சம் தள்ளி மாட்டுக் கொட்டில். காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்துக்கு, போகுமுன் பால் கறந்து ஊற்றிவிட்டுப் போகிற வீடுகள் எங்கள் பக்கம் நிறைய. செக்ரோலில் (வேலைப் பதிவேட்டில்) எத்தனை பேர், அதாவது எத்தனை நாள் வேலை, விழுந்தாலும் விழாவிட்டாலும் பால் காசு வந்துவிடும். இஸ்தோப்பு ஓரத்தில் கவ்வாத்து வெட்டிய, அதாவது தேயிலைச் செடியை ஒட்ட நறுக்கிய, மலையிலிருந்து சுமந்து வந்த மிலாறுக் குச்சி அடுக்கியிருக்கும், அது ஆறு மாதத்து விறகு. நாலெட்டு நடந்தால் தண்ணீர் பிடிக்கிற பீலி. இதில் ஒன்றுகூடச் சட்டப்படி எங்களுடையது இல்லை. ஆனாலும் மூன்று தலைமுறையாகக் கையில் இருந்தது.

இப்போது புது வீட்டுக் கணக்கைப் பாருங்கள். 2015க்குப் பிறகு வந்த திட்டங்களில் ஒரு வீட்டுக்குப் பேசப்பட்ட காணி அளவு 7 பேர்ச்சஸ். ஒரு பேர்ச்சஸ் 272 சதுர அடிக்குக் கொஞ்சம் மேல், ஆக மொத்தம் சுமார் 1,905 சதுர அடி. இந்திய உதவியில் தோட்டங்களில் முதலில் கட்டிய 4,000 வீடுகளும் ஒவ்வொன்றும் 550 சதுர அடி, அதில் இரண்டு அறை, ஹோல், குசினி, கக்கூஸ். 2017 மே மாதம் நோர்வூட்டில் மோடி வந்து பேசியபோது இன்னும் 10,000 வீடு என்று அறிவித்தார், அந்தக் கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். 120 சதுர அடிக் காம்பராவில் ஏழு பேர் படுத்த குடும்பத்துக்கு 550 சதுர அடி என்பது பெரிய விஷயம், அதில் சந்தேகமே இல்லை. 1,905இல் 550 போனால் மிச்சம் 1,355, பாத்தியும் கொட்டிலும் அதில் போடலாமே என்று நீங்கள் கேட்கலாம். அது தாளில் இருக்கிற கணக்கு. மலைச்சரிவில் மேல்பக்கம் வெட்டிய மண்கரை, கீழ்ப்பக்கம் கல்லுக்கட்டு, நடுவில் தண்ணீர் ஓடக் கான் என்று போனால், மிஞ்சுவது துணி காயப்போடுகிற இடம்தான். மாட்டை விற்றுவிட்டுத்தான் போக வேண்டும். எங்கள் தோட்டத்தில் முதல் தொகுதி வீடு கொடுத்த வருடம் நாலு பசு விற்பனைக்கு வந்தது. வாங்கியவர்களுக்கு நல்ல கொள்ளை.

அடுத்தது பெயர்ப் பட்டியல், சண்டையே அங்கேதான். ஒரு காம்பராவுக்கு ஒரு வீடு என்று கணக்கெடுப்பார்கள். ஆனால் காம்பராவுக்குள் அப்பா அம்மா ஒரு குடும்பம், கல்யாணம் கட்டிய மகன் ஒரு குடும்பம், இஸ்தோப்பை மறைத்துத் தகரம் அடித்து இன்னொரு மகன். மூன்று குடும்பத்துக்கு ஒரு வீடு வந்தால் யார் போவது? பெரும்பாலும் பெரியவர்கள் லயத்திலேயே தங்கிவிடுகிறார்கள். தோட்டத்தில் வேலை செய்யாத குடும்பத்துக்குப் பட்டியலில் இடம் கிடைப்பது கஷ்டம் என்பதும் எல்லாருக்கும் தெரிந்த எழுதாத சட்டம். மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான், மருமகள் கார்மெண்டுக்குப் போகிறாள், வீட்டில் யாரும் பேர் போடுவதில்லை என்றால் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் உதட்டைப் பிதுக்குவார்.

இடிப்பது பற்றியும் ஒரு வார்த்தை. இருபது காம்பரா இரட்டை லயத்தில் ஒன்பது குடும்பத்துக்கு வீடு கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது காம்பராவை மட்டும் எப்படி இடிப்பது? கூரை வளை ஒன்று, நடுச்சுவர் பொதுச்சுவர். அதை எடுத்தால் அடுத்த வீட்டுத் தகரமும் சேர்ந்து வந்துவிடும். அதனால் இடிக்காமல் விடுவார்கள். இரண்டு வாரத்தில் காலிக் காம்பராவுக்குள் பட்டியலில் விடுபட்டவன் அடுப்பு மூட்டியிருப்பான். "வீடு கொடுத்தும் லயத்தை விடமாட்டேன் என்கிறார்கள்" என்று வெளியே பேசுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது ஆளைப் பார்த்துத்தான்.

மாடி லயம் பற்றிக் கேட்டிருந்தால் இன்னும் சூடாகப் பதில் சொல்லியிருப்பேன். லயத்தை இரண்டாக மடித்து ஒன்றின் மேல் ஒன்று வைத்தது போல மாடி வீடுகளைச் சில தோட்டங்களில் முன்பே கட்டிப் பார்த்தார்கள். 2014 வாக்கில் தோட்டங்களுக்குப் பெரிய எண்ணிக்கையில் மாடி வீடு என்ற பேச்சு அரசாங்க மட்டத்தில் எழுந்தபோது, "தனிவீடுதான் வேண்டும், மண்ணோடு வேண்டும்" என்று மலையகம் முழுக்க ஒரே குரலில் சொன்னார்கள். கட்சியும் சங்கமும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிற எங்கள் ஊரில் அபூர்வமான ஒற்றுமை அது. மாடியில் இருப்பவனுக்குக் காணி எங்கே? அதுதான் கேள்வி.

காணி என்று வந்துவிட்டது, அதனால் கொஞ்சம் பின்னால் போகிறேன். 1948இல் எங்கள் ஆட்களின் குடியுரிமை போனது. 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று இரண்டு அரசாங்கங்களும் ஆட்களைப் பங்கு பிரித்தன. 1972இலும் 1975இலும் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. 1977 மே மாதம் நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்து வெளியாருக்குக் கொடுக்க வந்தபோது தொழிலாளர்கள் மறித்தார்கள். டெவன் தோட்டத்தில் சிவனு லட்சுமணன் என்ற இளைஞர் பொலிஸ் சூட்டில் செத்தார். அந்தப் பெயரை எங்கள் பெரியவர்கள் இன்னும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். 7,000 ஏக்கரைப் போகவிடாமல் தடுத்த சனத்துக்கு 7 பேர்ச்சஸ் கொடுக்கும்போது காணி சொந்தம் என்று எழுதிய உறுதிப் பத்திரம் எங்கே என்று கேட்கத்தான் செய்வார்கள்.

ஏனென்றால் வீட்டுச் சாவி வேறு, காணி உறுதி வேறு. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பெனிகளிடம் போனது, ஆனால் காணி இன்னமும் அரசாங்கத்துடையது. ஆக ஒரு வீட்டுக்கு, கம்பெனி காணியை விட வேண்டும், நில அளவைக்காரர் வந்து அளக்க வேண்டும், மண் சரியுமா என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பார்த்துச் சொல்ல வேண்டும், பிறகு பத்திரம் எழுத வேறொரு கந்தோர். வீடு முடிந்து சாவி கொடுக்கிற அன்று மேளம், மாலை, படம். பத்திரம் பின்னால் வரும் என்பார்கள். இதற்கு முந்திய வீட்டுத் திட்டங்களில் கடன் எடுத்து, மாதாமாதம் சம்பளத்தில் வெட்டவிட்டு, கடனை முழுக்கக் கட்டி முடித்தும் பத்திரம் பார்க்காமலே பென்சனுக்குப் போனவர்கள் எங்கள் மலையிலேயே இருக்கிறார்கள். என் சித்தப்பா அதில் ஒருவர். கடன் முடிந்த துண்டை மட்டும் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருக்கிறார். அவரைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளிடம் "சாவி தருகிறோம், வா" என்றால் இரண்டு அடி பின்னால் நின்றுதான் யோசிப்பார்கள்.

மண் சரிவை மட்டும் சும்மா தாண்டிப் போக முடியாது. 2014 ஒக்டோபர் 29 காலையில் பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தைப் பக்கம் மீரியபெத்தை லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்து என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. "ஏன் போகவில்லை?" என்று அன்றைக்குத் தொலைக்காட்சியில் கேட்டார்கள். எங்கே போவது என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. தப்பியவர்கள் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள் ஏறக்குறைய இரண்டு வருடம் கிடந்து, 2016இல்தான் மக்கல்தெனியவில் 75 வீடு கிடைத்தது. அதனால் மழைக்காலத்தில் எங்கள் லயத்தில் யாரும் "இந்த இடத்தை விட்டுப் போகமாட்டோம்" என்று வீரவசனம் பேசுவதில்லை. இரவில் மழை வலுத்தால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கோ பாடசாலைக்கோ ஓடுகிறவர்கள் நாங்கள்.

சரி, படத்துக்கு வருகிறேன்.

நாலு வருடத்துக்கு முன் எங்கள் லயத்தில் வந்து எடுத்த குழுவும் கொழும்புக்காரர்கள்தான். நல்ல பிள்ளைகள், லயத்துச் சாப்பாட்டை முகம் சுழிக்காமல் சாப்பிட்டார்கள். படம் முடிந்ததும் கோயில் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் போட்டுக் காட்டினார்கள். முதல் சிரிப்பு ஐந்தாவது நிமிடத்திலேயே கிளம்பியது. கதாநாயகி கூடையோடு மலையில் நிற்கிறாள், பின்னால் மொட்டை மொட்டையாகத் தேயிலை மரங்கள், பனி. பார்க்க அழகான காட்சிதான். பிரச்சினை என்னவென்றால் அது கவ்வாத்து வெட்டிய மலை. அதில் கொழுந்து முளைக்க மாதக்கணக்கில் ஆகும். "கவ்வாத்து மலையில கொழுந்து எடுக்குற மொத ஆளு இவதான்டி" என்று ஒரு அக்கா சொன்னதும் திடலே குலுங்கியது. கூடைக் கயிறு வேறு தலையில் நிற்காமல் தோளில் தொங்குகிறது. மட்டம் பார்த்துக் கொழுந்தெடுக்கிற மட்டக்கம்பு இல்லை, இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கு இல்லை. வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளையாக நடித்தவர் சென்னைப் படத்துத் தமிழில் அதட்டுகிறார். இயக்குநர் பாவம், என் பக்கத்தில் நின்று "சேர், ஏன் சிரிக்கிறாங்க?" என்று கேட்டார். பகிடி பண்ணுகிறார்கள் என்று நினைத்துவிட்டார். நாற்பது வருடம் கொழுந்து எடுத்த கைகளுக்கு முன்னால் பிழையாகக் கொழுந்து எடுத்தால் சிரிப்பு வரத்தானே செய்யும்.

கோபம் வந்தது வேறு இடத்தில். படம் எடுத்த நாட்களில் சில லயத்து வீடுகளின் டிஷ் அன்டெனாவைக் கழற்றச் சொன்னார்கள். காஸ் அடுப்பைத் துணி போட்டு மூடினார்கள். குப்பி லாம்பு கொண்டுவந்து வைத்தார்கள். எங்களுக்கு மின்சாரம் வந்து எத்தனையோ வருடம். ஒரு அம்மா மூன்று வருடம் சீட்டுக் கட்டி, ஏலம் எடுத்து, காம்பராத் தரைக்கு டைல்ஸ் போட்டிருந்தார். வெள்ளையில் நீலப்பூ. அதன் மேல் உரச்சாக்கு விரித்து, சாக்கின் மேல் மண் தூவிப் படம் பிடித்தார்கள். எடுக்கும்போது அவர் மலையில் வேலையில் இருந்தார், மாமியார்தான் சரியென்று சொல்லியிருக்கிறார். திரையில் தன் வீட்டுத் தரையைப் பார்த்ததும் எழுந்து போய்விட்டார். பிறகு யார் பேசியும் வரவில்லை.

அவர் மகள் கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்கிறாள். அங்கே ஊர் எதுவென்று கேட்டால் நுவரெலியா என்பாளே தவிரத் தோட்டத்தின் பெயரைச் சொல்லமாட்டாள். அவள் மட்டுமில்லை, எங்கள் பிள்ளைகள் பாதிப் பேர் இப்படித்தான். நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய கதையைப் படமாக எடுத்தால், மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்து செத்தவர்களைக் காட்டினால், எல்லாரும் அழுவார்கள், பெருமையாகவும் பேசுவார்கள். அது பாட்டன் பூட்டன் பட்ட கஷ்டம். நேற்று நான் டைல்ஸ் போட்ட தரையை இன்றைக்கு மண்தரை ஆக்கினால் அது என் முகத்தில் பூசிய மண்.

எங்கள் லயத்தில் ஒரு அம்மாயி இருக்கிறார், எழுபது தாண்டியும் கைக்காசு வேலைக்கு (நாள்கூலிக்கு) போகிறவர். கூரை ஒழுகுகிற காட்சியைப் பற்றி இயக்குநரிடம் அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "ஒழுகுறத காட்டுனீங்க தம்பி, அது சரி, ஒழுகத்தான் செய்யுது. ஆனா ஒழுகுனா நாங்க சட்டிய வச்சுக்கிட்டு அழுதுகிட்டே ஒக்காந்துருப்போமா? ஏணி வச்சு ஏறி, தார் ஒட்டி, மேல கல்லத் தூக்கி வச்சவ நானு. அத யாரு காட்டுவா?"

உங்கள் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. வீட்டுத் திட்டத்துக்கு வந்தவர்களும் ஒழுகுவதை மட்டும் பார்த்தார்கள், படத்துக்கு வந்தவர்களும் அப்படித்தான். ஏணி வைத்து ஏறிய ஆளிடம் எங்கே வீடு, எந்தப் பக்கம் வாசல், மாடு எங்கே, யார் பெயரில் காகிதம் என்று யாரும் கேட்கவில்லை. தங்கள் வீட்டை எப்படிக் காட்டப்போகிறீர்கள் என்று அந்த ஆள் கேட்கவும் இடம் விடவில்லை.

சனத்துக்குப் படம் பிடிக்காது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். 1975இல் வி.பி. கணேசன் தயாரித்து நடித்த 'புதிய காற்று' வந்தபோது என் அப்பா பெரட்டுக்களத்தில் அரைப் பேரோடு கழன்றுகொண்டு, நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தவர். சாகும்வரை அந்தப் படத்தைப் பற்றிப் பேசுவார். கதையைச் சொல்லமாட்டார், "நம்ம ஆளுக படத்துல வந்தாங்கடா" என்பது மட்டும்தான். எங்கள் திடலிலும் ஒரு காட்சிக்குக் கைதட்டல் வந்தது. பீலிக்கரையில் விடியற்காலை தண்ணீருக்கு முறை பார்த்து இரண்டு பெண்கள் வாய்ச்சண்டை போடுகிறார்கள். நடிகைகள் இல்லை, எங்கள் லயத்து ஆட்கள்தான். கமரா ஓடுவது தெரியாமல் நிஜமாகவே சண்டை போட்டிருக்கிறார்கள். (கேட்காமல் எடுத்தது பிழைதான், ஆனால் அந்த இரண்டு பேருமே அதற்குக் கோபிக்கவில்லை.) அந்தப் பத்து விநாடியை மூன்று தடவை திருப்பிப் போடச் சொன்னார்கள்.

டைல்ஸ் போட்ட அம்மாவின் பெயர் இரண்டாவது வீட்டுப் பட்டியலில் இருக்கிறது. போகமாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. மிச்சமான ஒரு பெட்டி டைல்ஸ் கட்டிலுக்கடியில் இருக்கிறது, புது வீட்டு ஹோலுக்குப் போதாது, குசினிக்குக் காணும் என்று அளந்தும் பார்த்துவிட்டார். பத்திரம் கைக்கு வந்த பிறகுதான் ஒட்டுவேன் என்கிறார்.

உங்கள் படத்தை மறுபடி வெட்டிச் சேர்த்துத் திரும்பக் காட்டுகிற எண்ணம் இருந்தால் சில நடைமுறை விஷயம் சொல்கிறேன். தோட்டத்துத் தொரையிடம் (நிர்வாகியிடம்) அனுமதி வாங்கியிருப்பீர்கள், அது தோட்டத்துக்குள் நுழைய. காம்பராவுக்குள் எடுத்ததற்கு அந்தக் காம்பராக்காரரைக் கூப்பிட்டு, ஊருக்குக் காட்டுவதற்கு முன் அவருக்குத் தனியாகக் காட்டுங்கள். எதையாவது மூடி, கழற்றி எடுத்திருந்தால் அந்தக் காட்சியைத் தூக்கிவிடுங்கள். சம்பளம் 10ஆம் திகதி, அதற்கு அடுத்து வருகிற சனிக்கிழமை போட்டால் கூட்டம் வரும், மனமும் லேசாக இருக்கும். கரண்ட் கோயிலிலிருந்து எடுக்கலாம், தலைவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஆறு மணிக்கே ஆரம்பித்துவிடுங்கள். புது வீட்டுக்காரர்களும் பார்க்க வருவார்கள், அவர்கள் திரும்பி மேலே ஏறிப் போகிற பாதைக்கு இன்னும் லைட் போடவில்லை.